துகள் பிரிக்கும் குறுக்குப் பாய்வு வடிகட்டிகள்: எது எதற்குச் சரிவரும், எங்கே மாட்டிக்கொள்ளும்

துகள் கலந்த திரவத்தைச் சாதாரண வடிகட்டியில் விட்டால் முதல் சில நிமிடங்கள் கடகடவென்று இறங்கும். பிறகு கசடு ஏடுபோல் படிந்து, சொட்டுச் சொட்டாகி, நின்றே போகும். அழுத்தத்தைக் கூட்டினால் ஏடு இன்னும் இறுகும். குறுக்குப் பாய்வு வடிகட்டியில் திரவம் சவ்வின் மேல் நேராக மோதுவதில்லை. அதை ஒட்டி உரசிக்கொண்டு ஓடுகிறது. ஓடுவதில் சிறு பங்கு மட்டும் சவ்வைக் கடந்து தெளிவாக வெளியே வரும். அது பெர்மியேட். மிச்சம் துகள்களைச் சுமந்துகொண்டு பாத்திரத்துக்கே திரும்பும். அது ரிடென்டேட். ஓட்டத்தின் உரசல் படிவை அரித்துக்கொண்டே இருப்பதால் வேலை மணிக்கணக்கில் நிற்காமல் நடக்கும்.

ஆய்வக மேசையில் வைக்கும் அளவில் இது மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. தட்டைச் சவ்வுகளை அடுக்கி ஒட்டிய கேசட் ஒன்று. மெல்லிய குழல் இழைகளைக் கட்டாகச் சேர்த்த ஹாலோ ஃபைபர் கார்ட்ரிட்ஜ் இரண்டாவது. செராமிக் குழாய் மூன்றாவது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணால் பார்த்தால் கலங்கலாகத் தெரியும் எந்தத் திரவத்துக்கும் முதல் தேர்வு ஹாலோ ஃபைபர். சூடு, எண்ணெய், கடும் அமிலம், கடும் காரம் என்று போனால் செராமிக். கேசட் அருமையான சாதனம்தான். ஆனால் கரைந்த புரதத்துக்கும் நானோ துகளுக்கும்தான் அது. கலங்கலை அதில் விடுவது அதை வீணடிப்பது.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் துளை அளவை மட்டும் பார்த்து ஆர்டர் போடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது திரவம் ஓடும் வழி எவ்வளவு அகலம், அது திறந்த வழியா, வலை போட்ட வழியா என்பதைத்தான். கேசட்டில் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே ஒரு வலை இருக்கும். திரவத்தைக் கலக்கிவிட்டுப் படிவைக் குறைப்பது அதன் வேலை. அதனால்தான் குறைந்த பம்ப் ஓட்டத்திலேயே கேசட் நன்றாக வேலை செய்கிறது: 0.1 சதுர மீட்டர் கேசட்டுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் போதும். ஆனால் அதே வலையின் முடிச்சுகளில்தான் துகள் போய் உட்காரும். ஓர் ஓரத்தில் உட்கார்ந்ததும் அந்த இடத்தில் ஓட்டம் செத்துவிடும், பின்னால் வருவதெல்லாம் அங்கேயே சேரும். உள்ளே எத்தனை வழிகள் அடைத்தன என்று பிரித்துப் பார்க்கவும் முடியாது.

ஹாலோ ஃபைபரில் வழி திறந்தே கிடக்கிறது. இழையின் உள்விட்டம் பொதுவாக 0.5 அல்லது 1 மி.மீ. உள்ளே போகும் துகளில் மிகப் பெரியது இழையின் உள்விட்டத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 0.5 மி.மீ. இழைக்கு 50 மைக்ரான் முன்வடிகட்டி கட்டாயம் என்று அர்த்தம். இதைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்று தெரிய, அடைத்துப்போன கார்ட்ரிட்ஜின் நுழைவாயைக் கழற்றிப் பாருங்கள். இழைகளின் வாய்கள் தேன்கூடுபோல் வரிசையாக இருக்கும். அதன் குறுக்கே நார்த் துணுக்குகள் பாய்போல் பின்னிக் கிடக்கும். நீளமான நார் இரண்டு வாய்களுக்குள் ஒவ்வொரு நுனியாக நுழைந்து மாட்டிக்கொள்கிறது. ஓட்டம் இழுக்க இழுக்க இறுகுகிறது. எதிர்த்திசையில் நீர் விட்டால் சில சமயம் கழன்று வரும். இடுக்கியால் இழுத்தால் இழை வாய் கிழியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

50 இழைகள், உள்விட்டம் 0.5 மி.மீ., நீளம் 30 செ.மீ. உள்ள கார்ட்ரிட்ஜ். சவ்வுப் பரப்பு சுமார் 235 சதுர செ.மீ. இழைச் சுவரில் உரசலின் அளவை ஷியர் ரேட் என்கிறோம். ஓர் இழையின் ஓட்டத்தை நான்கால் பெருக்கி, பையாலும் (π) ஆரத்தின் கனத்தாலும் (ஆரம் × ஆரம் × ஆரம்) வகுத்தால் அது கிடைக்கும். துகள் வேலைக்கு வினாடிக்கு 4,000 என்று வைத்தால், மொத்தக் கார்ட்ரிட்ஜுக்கும் நிமிடத்துக்கு சுமார் 147 மி.லி. ஓட்டம் வேண்டும். ஆரத்தின் கனம் கணக்கில் வருவதால், 1 மி.மீ. இழைக்கு மாறினால் அதே உரசலுக்கு ஓர் இழைக்கு எட்டு மடங்கு ஓட்டம் தேவை. பம்ப் வாங்கியபின் இதைக் கண்டுபிடித்தால் கஷ்டம்.

அந்த 147 மி.லி. ஓட்டத்தில், தண்ணீர்போல் நீர்த்த திரவத்துக்கு, இழையின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் அழுத்த வித்தியாசம் சுமார் 0.1 பார்தான் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). 60 செ.மீ. நீளக் கார்ட்ரிட்ஜ் என்றால் 0.2. திரவம் கெட்டியாகிப் பாகுத்தன்மை நான்கு மடங்கானால் 30 செ.மீ.க்கே 0.4. பரப்பு கூடுதலாகக் கிடைக்கிறதே என்று நீளமானதை வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நுழைவுப் பக்கம் அழுத்தம் அதிகமாகவும் வெளிப்பக்கம் குறைவாகவும் இருந்தால், நுழைவுப் பக்கச் சவ்வு சீக்கிரம் அடைபடும், கடைசிப் பகுதி சும்மா கிடக்கும். பெர்மியேட் பக்கத்தை நெரித்து வைத்திருந்தால் இன்னொன்றும் நடக்கும்: கடைசிப் பகுதியில் வெளியிலிருந்து பெர்மியேட் இழைக்குள்ளேயே திரும்பப் போகும். மேலே கடந்து வந்தது கீழே திரும்பி நுழைகிறது. மீட்டரில் எதுவும் தெரியாது, வேலை மட்டும் மெதுவாகும்.

இனி நேரம். ஒரு சதுர மீட்டர் சவ்வு ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் விடுகிறது என்பது ஃப்ளக்ஸ். நிலையாக 30 கிடைக்கிறது என்று வைத்தால், இந்தக் கார்ட்ரிட்ஜ் மணிக்கு 0.7 லிட்டர் கொடுக்கும். 5 லிட்டரை அரை லிட்டராகச் சுண்ட வைக்க ஆறரை மணி நேரம் ஆகும். அதற்குள் பாத்திரத்தில் இருக்கும் ஒவ்வொரு துகளும் சராசரியாக 29 தடவை பம்பைக் கடந்திருக்கும். உயிரணுக்கள், உதிரக்கூடிய திரட்டுகள் இருந்தால் இது சிறிய விஷயமில்லை. பம்பில் நசுங்கி உடையும் துணுக்குகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே இறங்கிவிடும். 0.1 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகள்கள்தான் இந்த முறைக்கு மிகப் பெரிய தொல்லை. அதைவிடச் சிறியது தானாகப் பரவி விலகும். அதைவிடப் பெரியதை ஓட்டம் தூக்கிக்கொண்டு போகும். நடுவில் உள்ளது மட்டும் இரண்டுக்கும் மசியாமல் சவ்விலேயே அப்பிக்கொள்ளும். ஆகவே நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் பரப்பை இரட்டிப்பாக்குங்கள். அழுத்தத்தைக் கூட்டாதீர்கள்.

துளை அளவு: சிறியதே மேல்

ஒரு மைக்ரான் துகளைப் பிடிக்க 0.65 மைக்ரான் சவ்வு போதும் என்று தோன்றும். வாங்க வேண்டியது 0.2 அல்லது 0.1. துகளின் அளவுக்குப் பக்கத்தில் துளை இருந்தால் துகள் துளைக்குள் ஆப்புப்போல் இறங்கி உட்கார்ந்துவிடும்; மேலே ஓடும் ஓட்டத்தால் அதைக் கிளப்ப முடியாது. துளை மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ இருந்தால் துகள் மேற்பரப்பில்தான் நிற்கும், உரசலில் நகரும். முதல் ஐந்து நிமிடம் பெரிய துளைச் சவ்வு வேகமாகத் தெரியும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சிறிய துளைதான் முன்னே நிற்கும். இன்னும் நுண்ணிய துளையுள்ள, கிலோடால்ட்டனில் (மூலக்கூறு எடையின் அலகு) அளவு சொல்லும் அல்ட்ரா சவ்வுகளில் இன்னொரு கவனம் வேண்டும்: அந்த எண் பெயரளவுதான். ஒவ்வொரு தயாரிப்பாளரும் வேறு வேறு சோதனைப் பொருளை வைத்து அளப்பதால், ஒரே எண் போட்ட இரண்டு சவ்வுகள் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சவ்வு எந்தப் பொருளால் ஆனது என்பதையும் கேட்டு வாங்குங்கள். பாலிஈதர்சல்ஃபோன் காரம், அமிலம், அளவான குளோரின் எல்லாம் தாங்கும்; ஆனால் புரதத்தை ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். மறுஉருவாக்கிய செல்லுலோஸ் புரதத்தைப் பிடிக்காது, ஆனால் குளோரின் பட்டால் போய்விடும். பிவிடிஎஃப் குளோரினைத் தாங்கும், கடும் காரத்தில் கெடும். சுத்தம் செய்ய எந்த மருந்து உங்கள் கசடைக் கரைக்கும் என்று முதலில் தெரிந்துகொண்டு, அதைத் தாங்கும் சவ்வைத் தேர்ந்தெடுப்பதுதான் சரியான வரிசை.

கிட்டோடு வரும் மற்ற பாகங்கள்

மேசைக் கிட்களில் நான் காணும் பெரிய குறை பிரஷர் கேஜ். மூன்று இடத்தில் வேண்டும்: நுழைவு, ரிடென்டேட், பெர்மியேட். பல கிட்களில் மூன்றாவது இருப்பதில்லை. இருக்கும் இரண்டும் 0 முதல் 4 பார் வரை காட்டும். 0.05 முதல் 0.3 பாருக்குள் நடக்கும் மைக்ரோஃபில்ட்ரேஷனுக்கு (துளையை மைக்ரானில் சொல்லும் சவ்வால் வடிப்பதற்கு) அந்த முள் அசைவதே தெரியாது. சவ்வின் குறுக்கே உள்ள அழுத்தம் என்பது நுழைவு, ரிடென்டேட் இரண்டின் சராசரியிலிருந்து பெர்மியேட் அழுத்தத்தைக் கழித்தது. மூன்றில் ஒன்று தெரியாவிட்டால் கணக்கே இல்லை. கேஜை மட்டும் தனியாக 0 முதல் 1 பார் வீச்சில் வாங்கி மாட்டினாலே கிட் வேறு சாதனமாகிவிடும்.

டியூபை உருளைகளால் நசுக்கி நசுக்கித் திரவத்தைத் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்ப் எளிது, சுத்தம். ஆனால் உருளை நசுக்கும் இடத்தில் சிலிகான் டியூபின் உட்சுவர் உதிர்ந்து திரவத்தில் துகளாகக் கலக்கும். துகளைப் பிரிக்கத்தானே இத்தனை பாடு; பம்பே துகளைச் சேர்த்தால் எப்படி? நீண்ட நேரம் ஓட்டுவதற்கென்றே செய்த டியூப் போடுங்கள், சில மணி நேரத்துக்கு ஒருமுறை நசுங்கும் இடத்தை நகர்த்துங்கள். ஒற்றைத் தலை பம்ப் துடித்துத் துடித்துத் தள்ளும். இரண்டு தலைகளை மாற்றிக் கோணத்தில் வைத்து இணைத்தால் துடிப்பு அடங்கும்.

டியூப் நீளத்தையும் சும்மா விடக்கூடாது. 6.4 மி.மீ. உள்விட்டமுள்ள டியூப் ஒரு மீட்டருக்கு 32 மி.லி. பிடிக்கும். 50 மி.லி.யாகச் சுண்ட வைக்க நினைப்பவர் இரண்டு மீட்டர் டியூப் போட்டிருந்தால் சரக்கெல்லாம் டியூபுக்குள்தான் இருக்கும், பாத்திரம் காலியாகிப் பம்ப் காற்றை உறிஞ்சும். பாத்திரம் அடியில் கூம்பாக இருப்பது நல்லது. திரும்பும் டியூபின் நுனி திரவத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும்; மேலிருந்து விழுந்தால் நுரைக்கும், புரதம் இருந்தால் கெட்டுப்போகும்.

ஓட்டும் முறை

புதுக் கார்ட்ரிட்ஜ் கிளிசரினில் நனைத்து வரும். நீரால் நன்றாக அலசி, பெர்மியேட் பக்கமும் கழுவித் தள்ளிய பிறகு சுத்த நீரில் ஃப்ளக்ஸ் அளந்து எழுதி வையுங்கள். நீரின் வெப்பநிலையையும் சேர்த்து எழுதுங்கள். 20 டிகிரியில் நீரின் பாகுத்தன்மை 1.00, 30 டிகிரியில் 0.80. 30 டிகிரியில் கிடைத்த எண்ணை 0.8 ஆல் பெருக்கினால்தான் 20 டிகிரி எண்ணோடு ஒப்பிட முடியும். இந்த ஒரு எண்தான் பின்னால் சவ்வு நல்லதா, கெட்டதா என்று சொல்லப்போவது.

எல்லாவற்றையும் கெடுப்பது முதல் நிமிடம். பெர்மியேட் வால்வைத் திறந்து வைத்தபடி பம்பைப் போடுகிறவர்கள் அதிகம். மேலே சொன்ன கார்ட்ரிட்ஜையே எடுத்துக்கொள்வோம். புது மைக்ரோ சவ்வு 1 பாருக்கு 4,000 ஃப்ளக்ஸ் விடும் என்று வைத்தால், ஓட்டத்தால் உண்டாகும் சராசரி 0.05 பார் மட்டுமே 200 ஃப்ளக்ஸ் கொடுத்துவிடும். அதாவது நிமிடத்துக்கு 78 மி.லி. பெர்மியேட். உள்ளே போகும் 147 மி.லி.யில் பாதிக்கு மேல் சவ்வைக் கடந்து ஓடிவிட, இழையின் கடைசியில் உரசுவதற்கே ஓட்டம் இருக்காது. அத்தனை துகளும் சவ்வில் அறைந்துகொள்ளும். அந்தப் படிவு பிறகு எளிதில் போகாது.

அதனால் பெர்மியேட்டை மூடி, ரிடென்டேட்டை முழுக்கத் திறந்து, பம்பை மெல்ல ஏற்றுங்கள். காற்றுக் குமிழி எல்லாம் வெளியேறி ஓட்டம் நிலைப்பட்ட பிறகு, பெர்மியேட்டைச் சிறிது சிறிதாகத் திறக்கலாம். பெர்மியேட் பக்கம் இன்னொரு சின்னப் பம்ப் வைத்து, இவ்வளவுதான் எடுப்பேன் என்று கட்டுப்படுத்துவது இன்னும் நல்லது. மைக்ரோஃபில்ட்ரேஷனுக்கு அந்த இரண்டாவது பம்பை ஆடம்பரமாக நான் நினைக்கவில்லை. கார்ட்ரிட்ஜோடு சேர்த்தே வாங்க வேண்டியது.

எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஒரு சோதனை. 10 ஃப்ளக்ஸில் தொடங்கிப் பத்துப் பத்தாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் 15 நிமிடம் நிறுத்தி, அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படியில் ஏறிய அழுத்தம் அப்படியே நின்றால் சரி. எந்தப் படியில் 15 நிமிடத்துக்குள்ளேயே அழுத்தம் நிற்காமல் ஊர்ந்து ஏறத் தொடங்குகிறதோ, அதற்கு ஒரு படி கீழே ஓட்டுங்கள். படிவு தொடங்கும் இந்த எல்லையைக் கிரிட்டிக்கல் ஃப்ளக்ஸ் என்பார்கள். 1995இல் பேச்சுக்கு வந்த கருத்து. இது ஓட்ட வேகத்தோடும் துகளின் செறிவோடும் மாறும் என்பதால், சுண்டச் சுண்ட ஃப்ளக்ஸைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

துகளைக் கழுவ வேண்டுமானால், பெர்மியேட் எவ்வளவு போகிறதோ அவ்வளவு சுத்த நீரைப் பாத்திரத்தில் சேர்த்துக்கொண்டே இருங்கள். பாத்திரத்துத் திரவத்தின் ஐந்து மடங்கு நீர் போனால் கரைந்த உப்பு 0.7 சதவீதமாக இறங்கும். ஏழு மடங்கில் 0.1 சதவீதத்துக்கும் கீழ். முதலில் சுண்ட வைத்துவிட்டுக் கழுவினால் நீர் மிச்சம். ஆனால் கெட்டியில் ஃப்ளக்ஸ் விழும், ஆகவே கழுவலை நடுவில் எங்கோ வைப்பதுதான் நேரத்துக்கு நல்லது.

வேலை நடுவே ஃப்ளக்ஸ் விழுந்தால் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். பெர்மியேட்டை மூடிவிட்டு, ஓட்டத்தை மட்டும் இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு திறந்ததும் பழைய ஃப்ளக்ஸ் வந்தால் அது மேலே படிந்த ஏடு; அழுத்தத்தைக் குறைத்தாலோ ஓட்டத்தைக் கூட்டினாலோ சரியாகும். வராவிட்டால் துளைக்குள் போய்விட்டது; மருந்துதான் வழி. பம்ப் வேகம் மாறாமலே நுழைவு அழுத்தம் மட்டும் ஏறினால் சவ்வைக் குறை சொல்லாதீர்கள், வழியே அடைபடுகிறது.

செராமிக் பற்றி

காஸ்டிக் சோடாவில் வேக வைக்கலாம், அமிலத்தில் ஊற வைக்கலாம், நீராவியில் கிருமி நீக்கலாம், எதிர்த்திசையில் ஓங்கித் தள்ளலாம். செராமிக் அத்தனையும் தாங்கும். அதற்கான விலை பம்பில் இருக்கிறது. 7 மி.மீ. உள்விட்டம், 25 செ.மீ. நீளக் குழாயில் வினாடிக்கு 4 மீட்டர் வேகம் வேண்டுமானால் நிமிடத்துக்கு 9 லிட்டருக்கு மேல் ஓட வேண்டும். கிடைக்கும் பரப்போ 55 சதுர செ.மீ.தான். அத்தனை ஓட்டமும் பாத்திரத்தைச் சூடாக்கும். குளிர்விக்கும் சுருள் இல்லாமல் தொடங்க வேண்டாம். குழாய் கெடுவதற்கு முன் அதன் ரப்பர் வளையம் கெடும். ஈபிடிஎம் ரப்பர் எண்ணெயில் ஊதிப்போகும். வைட்டன் ரப்பர் சூடான காரத்தில் நொறுங்கும். எண்ணெய்க் கழிவை வடித்துவிட்டுச் சூடான காஸ்டிக்கில் கழுவுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். வளையத்தை முன்கூட்டியே மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வழி. சூடான குழாயில் பச்சைத் தண்ணீரைத் திடீரென்று விடாதீர்கள், விரிசல் விடும்.

கழுவுவதும் வைப்பதும்

வேலை முடிந்ததும் உடனே. காய விட்டால் பாதி ஆயுள் போயிற்று. முதலில் அழுத்தம் இல்லாமல் வெதுவெதுப்பான நீர். பிறகு 0.1 முதல் 0.5 நார்மல் (செறிவின் அலகு) காஸ்டிக் சோடா, 40 முதல் 45 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம் சுற்றவிடுங்கள். பாலிஈதர்சல்ஃபோன் என்றால் காஸ்டிக்கோடு 200 பிபிஎம் குளோரின் சேர்க்கலாம். சுண்ணாம்புப் படிவு இருந்தால் தனியாகச் சிட்ரிக் அமிலம். குளோரினுக்கும் அமிலத்துக்கும் நடுவே முழுமையாக நீரால் அலசியே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் விஷ வாயு கிளம்பும்.

கழுவியபின் சுத்த நீர் ஃப்ளக்ஸை மறுபடி அளந்து முதல் எண்ணோடு வையுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் திரும்பினால் அடுத்த வேலைக்கு எடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே வந்தால் கழுவும் மருந்து கசடுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். தவறிக் காய்ந்துபோன ஹாலோ ஃபைபரைத் தூக்கிப் போட வேண்டாம்: தயாரிப்பாளர் குறிப்பு அனுமதித்தால் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பிறகு நீரில் அலசினால் பல நேரம் துளைகள் மறுபடி நனையும்.

நூறுக்கு நூறு என்று ஃப்ளக்ஸ் திரும்பினால், அல்லது அதையும் தாண்டினால், மகிழ்வதற்கு முன் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். சவ்வை நனைத்து, உள்பக்க நீரை வடித்துவிட்டு, ரிடென்டேட்டை மூடி, நுழைவு வழியாகத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு காற்றழுத்தம் கொடுங்கள். பெர்மியேட் டியூபின் நுனியை ஒரு கண்ணாடிக் குவளை நீரில் மூழ்க வைத்துக் கவனியுங்கள். முதலில் டியூபில் இருந்த காற்று நாலைந்து குமிழிகளாக வரும். பிறகு அமைதி, எப்போதாவது ஒரு சின்னக் குமிழி. அப்படியானால் சவ்வு நலம். சரம்சரமாக நிற்காமல் வந்தால் எங்கோ ஓர் இழை அறுந்திருக்கிறது. பெரும்பாலும் அது இழை முனைகளைப் பிசினில் பதித்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.